மோனோஸ்கியா, நார்டிக் சிட்ஸ்கியா? சக்கர நாற்காலிப் பிள்ளை பனிச்சறுக்குப் போட்டிக்குள் நுழையும் இரண்டு வழிகள்

சக்கர நாற்காலியில் இயங்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டு மூன்று குளிர்காலம் பனியில் பழகிவிட்டு, “நான் போட்டிக்குப் போகணும்” என்று சொல்லும்போது, வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தப் பனிச்சறுக்கு? மலைச்சரிவில் கம்பங்களைச் சுற்றி இறங்கும் ஆல்பைனா, சமவெளியிலும் மேட்டிலும் தன் கைவலிமையால் தள்ளிக்கொண்டு போகும் நார்டிக்கா? இரண்டிலும் உட்கார்ந்துதான் ஓடுகிறார்கள், இரண்டுக்கும் சிட்ஸ்கி என்றுதான் பெயர். மற்றபடி கருவியும் பயிற்சியும் செலவும் ஆபத்தும் வேறு வேறு.

இந்த ஒப்பீடு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளிலிருந்து இரண்டு வகைப் பனித்தடங்களுக்கும் காரில் போய்விடலாம். ஆனால் அந்த மாகாணத்தின் மலைகள் உயரம் குறைந்தவை. முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த உயரக்குறைவுதான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய மலைகளுக்குத் தொலைவில் வாழும் பிள்ளைக்கு, உடற்பகுதித் தசைகளில் (மார்பு, வயிறு, முதுகு) ஓரளவாவது பிடிப்பு இருந்தால், போட்டிக்கான முதல் வழி நார்டிக். உடற்பகுதிப் பிடிப்பு மிகக் குறைவாக இருந்தாலோ, வேகத்தைத் தவிர வேறெதற்கும் பிள்ளையின் கண் மின்னவில்லை என்றாலோ ஆல்பைன். காரணங்கள் கீழே.

இரண்டு கருவிகள்

ஆல்பைனில் ஓட்டும் சிட்ஸ்கிதான் மோனோஸ்கி. அதில் மூன்று பகுதிகள். மேலே, உடலுக்குப் பொருந்த வார்த்த கிண்ணம் போன்ற இருக்கை. இதைப் பக்கெட் என்பார்கள். நடுவில் அலுமினியச் சட்டமும் அதிர்வுதாங்கியும். கீழே ஒரே ஒரு ஸ்கி, அதாவது சறுக்குப் பலகை, அதுவும் நின்று சறுக்குபவர்கள் கடையில் வாங்கும் அதே பந்தய ஸ்கி. சட்டத்தின் அடியில் காலணியின் அடிப்பாகம் போன்ற ஒரு தகடு இருக்கும். அது வழக்கமான பைண்டிங்கில், அதாவது காலணியை ஸ்கியோடு பிணைக்கும் பூட்டில், பூட்டிக்கொள்ளும். கைகளில் அவுட்ரிகர்: முழங்கை ஊன்றுகோலின் நுனியில் குட்டி ஸ்கி பொருத்திய கருவி. கயிற்றை இழுத்தால் குட்டி ஸ்கி மேலே மடங்கி ஊன்றுகோலாகும். விட்டால் மறுபடி ஸ்கியாகும்.

நார்டிக் சிட்ஸ்கி இதைவிட எளிமையானது. இரண்டு மெல்லிய ஸ்கிகள், அவற்றின் பைண்டிங்கில் மாட்டிய லேசான சட்டம், மேலே இருக்கை, பட்டைகள். அதிர்வுதாங்கி கிடையாது. கையில் இரண்டு குட்டைக் கோல்கள். இரண்டையும் ஒருசேர ஊன்றித் தள்ளுவதுதான் ஓட்டம், வேறு நடை இல்லை. அதனால் பிடிப்பு மெழுகும் தேவையில்லை. ஸ்கியின் முழு நீளத்துக்கும் வழுக்கு மெழுகுதான்.

மோனோஸ்கியில் எஞ்சின் புவியீர்ப்பு. நார்டிக்கில் எஞ்சின் பிள்ளையின் தோளும் வயிறும் நுரையீரலும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன.

பக்கெட்டில் தொடங்கும் பிழைகள்

மோனோஸ்கியில் கற்றுக்கொள்ள முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் பலருக்குக் கோளாறு திறமையில் இல்லை, இருக்கையில். நின்று சறுக்குபவருக்குக் காலணி எப்படியோ அப்படித்தான் இங்கே பக்கெட். இடுப்பு ஒரு விரல்கடை நகர்ந்தாலும், பிள்ளை சாய்ந்ததும் ஸ்கியின் விளிம்பு பனியைக் கடிக்கத் தாமதமாகும். திருப்பத்துக்குள் பிந்தி நுழைவார், பயிற்சியாளர் “சீக்கிரம் திரும்பு” என்று கத்திக்கொண்டே இருப்பார், பயனிருக்காது. பட்டைகளை இறுக்கிய பின் இடுப்புக்கும் பக்கெட்டுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. இடைவெளி இருந்தால் அடர்த்தியான நுரைத்தகட்டை வெட்டி அடைக்கலாம். ஆனால் வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்புகள், முழங்கால் பக்கங்கள் ஆகியவற்றில் நுரையின் ஓரம் குத்தக் கூடாது.

ஏனென்றால் உணர்வற்ற தோல் வலியைச் சொல்லாது. புதுப் பக்கெட்டில் முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். இறங்கியதும் துணியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணிக்குள் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அன்றைய சறுக்கு முடிந்தது, நுரையைத் திருத்தாமல் மறுபடி ஏறக் கூடாது. ஒரு அழுத்தப் புண் ஒரு பருவம் முழுவதையும் தின்றுவிடும். நார்டிக் இருக்கையிலும் இந்தச் சோதனை வேண்டும்தான். அங்கே இருக்கை அத்தனை இறுக்கமாக இல்லை என்பதால் உரசல் அதிகம், அமுக்கம் குறைவு.

அடுத்தது அதிர்வுதாங்கியின் சுருள்வில். அது பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 35 கிலோவுக்கு வைத்த வில்லில் 45 கிலோப் பிள்ளை ஏறினால், மேடு பள்ளத்தில் தாங்கி அடிவரை இறங்கி இடிக்கும். அந்த இடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். வில் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் ஸ்கி உறைபனியில் துள்ளித் துள்ளி விளிம்புப் பிடியை இழக்கும். வளரும் வயதில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எடை பார்த்து, வில்லைச் சரிபார்க்க வேண்டும்.

முன் பின் சமநிலையும் முக்கியம். தட்டையான பனியில் உட்கார வைத்து, அவுட்ரிகர்களைச் சற்றே தூக்கச் சொல்லுங்கள். பிள்ளை பின்னால் சாய்ந்தால் இருக்கை ஸ்கியின் மேல் பின்தள்ளி இருக்கிறது. திருப்பத்தின் முடிவில் ஸ்கி ஓடிவிடும். முன்னால் கவிழ்ந்தால் ஸ்கியின் நுனி பனியில் புதையும். இருக்கையை ஒரே நேரத்தில் ஒரு துளை மட்டும் நகர்த்தி, மூன்று நான்கு முறை இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். ஒரே நாளில் இருக்கை, வில், அவுட்ரிகர் நீளம் மூன்றையும் மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

பைண்டிங் விஷயத்தில் கடைக்காரர்கள்கூடத் தடுமாறுவார்கள். நின்று சறுக்குபவருக்கு விழும்போது பைண்டிங் விடுபடுவது முழங்காலைக் காக்க. மோனோஸ்கியில் கால் சட்டத்துக்குள் இருக்கிறது. விடுபட்டால் காப்பு ஏதுமில்லை, ஸ்கி இல்லாத சட்டம் சரிவில் உருளும். அதனால் எளிதில் விடுபடாதபடி இறுக்கமாக வைப்பதே வழக்கம்.

நார்டிக் சட்டத்தில் தேர்வு செய்ய வேண்டியது உட்காரும் கோலம். வயிற்றுத் தசையும் இடுப்புப் பிடிப்பும் நன்றாக உள்ளவர்கள் மண்டியிட்டாற்போல, கால்களைப் பின்னால் மடித்து, முழங்காலைத் தாழ்த்தி உட்காருவார்கள். உடல் முழுவதையும் முன்னால் வீசிக் கோலை ஊன்ற அந்தக் கோலம் இடம்கொடுக்கும். பிடிப்புக் குறைந்தவர்கள் முழங்காலை உயர்த்தி, முதுகுச் சாய்வு வைத்து உட்காருவார்கள். தள்ளு குறுகும், கவிழாத உறுதி கிடைக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு, பிடிப்பில்லாத பிள்ளையை மண்டிக்கோலத்தில் வைத்தால், ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் நிமிர்ந்து வரவே பாதிச் சக்தி போய்விடும். கோல் நீளத்தை உட்கார்ந்த நிலையில் தாடை உயரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு சென்டிமீட்டராக மாற்றிப் பார்க்கலாம். போட்டி விதிப்படி ஓட்டம் முழுவதும் புட்டம் இருக்கையை விட்டு எழக் கூடாது. பயிற்சியில் அதைக் கவனிக்காமல் விட்டால், பழக்கம் போட்டியில் காலை வாரும்.

ஒரு நாளில் எத்தனை நிமிடம்

ஒன்டாரியோவில் பெயர் பெற்ற புளூ மவுண்டனின் உயரம் சுமார் 220 மீட்டர். நெருங்கி நட்ட கம்பங்களைச் சுற்றி இறங்கும் ஸ்லாலம் பழக அது போதும். டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய வேகப் பிரிவுகளுக்குப் போதவே போதாது. அந்த உயரத்தில் ஒரு இறக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. வரிசையில் நின்று, லிஃப்ட் ஏறி, விழுந்து எழுந்து, ஒரு நாளில் பத்து இறக்கம் கிடைத்தால் நல்ல நாள். அதாவது பிள்ளை உண்மையில் திருப்பம் போட்டது பத்து நிமிடத்துக்கும் குறைவு. மார்க்கத்திலிருந்து போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர அதேயளவு.

நார்டிக்கில் பாரிக்கு அருகிலுள்ள ஹார்ட்வுட் போன்ற இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போய் இறங்கியதும் தடத்தில். ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் ஐம்பது நிமிடமாவது கோல் ஊன்றுகிறார். பனி உருகிய பின்னும் அந்த இயக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை: அதே சட்டத்தைச் சக்கரப் பலகையிலோ உருளை ஸ்கியிலோ மாட்டித் தார்ச்சாலையில் தள்ளலாம், உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்கி-எர்க் எந்திரத்துக்கு முன்னால் நாற்காலியிலேயே உட்கார்ந்து இழுக்கலாம்.

ஆல்பைனுக்குக் கோடைகால மாற்று என்று சொல்லத்தக்கது அனேகமாக எதுவும் இல்லை. தசைவலிமை கூட்டலாம், விளிம்பின் உணர்வைப் பனியில்லாமல் கற்க முடியாது. அதனால் ஆல்பைனில் முன்னேற விரும்பும் ஒன்டாரியோப் பிள்ளை ஒரு கட்டத்தில் மேற்கே, ராக்கி மலைப்பக்கம், வாரக்கணக்கில் போய்த் தங்கத்தான் வேண்டும். முடியாததல்ல. சூ செயின்ட் மேரியில் வளர்ந்த மாக் மார்க்கூ பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் 2014 சோச்சியில் ஜயன்ட் ஸ்லாலம் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. ஆனால் அந்தப் பயணங்களின் செலவையும் பள்ளி விடுப்பையும் முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் எதைக் கேட்கிறது

உடற்பகுதிப் பிடிப்பு அனேகமாக இல்லாத பிள்ளை, அதாவது தண்டுவடக் காயம் மார்பு மட்டத்தில் உள்ளவர், நார்டிக் மேட்டில் ஏறும்போது கைகளை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். கோல்களை ஊன்றி, அடுத்து தூக்குவதற்குள் சிட்ஸ்கி பின்னால் வழுக்கத் தொடங்கும். போட்டியில் இதை ஈடுகட்டக் காலக்கழிவு முறை உண்டு, கீழே சொல்கிறோம். ஆனாலும் தினசரிப் பயிற்சியில் மனம் சோர்ந்துவிடும். மோனோஸ்கியில் அதே பிள்ளைக்கு உயரமான முதுகுப்புறமுள்ள பக்கெட்டும் மார்புப் பட்டையும் கொடுத்தால், புவியீர்ப்பு மற்றவரையும் அவரையும் ஒன்றுபோல இழுக்கிறது. தலையும் தோளும் கையும் கொண்டு திருப்பம் போடக் கற்றுக்கொள்வார்.

தோள் இரு விளையாட்டிலும் உயிர்நாடி. அன்றாடம் சக்கர நாற்காலி தள்ளுவது, கட்டிலுக்கும் காருக்கும் மாறுவது எல்லாமே அதே தோளில்தான். நார்டிக்கில் தோள் கெடுவது மெல்ல மெல்ல: ஆயிரக்கணக்கான தள்ளல், முன்பக்கத் தசை மட்டும் வலுத்து, தோள்பட்டைக்குப் பின்னாலுள்ள தசை நலிந்து, தசைநார் உரசும். தடுக்க வழி: தள்ளலுக்கு ஈடாக இழுவைப் பயிற்சி, ரப்பர் பட்டையில் வெளிச்சுழற்சி, வாரம் ஒரு முழு ஓய்வு நாள். இரவில் அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் காத்திருக்க வேண்டாம். பயிற்சியைக் குறைத்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ஆல்பைனில் தோள் கெடுவது ஒரே நொடியில், விழும்போது நீட்டிய அவுட்ரிகரில். முதல் பருவத்திலேயே முழங்கையை உடலோடு ஒட்டி மடக்கி விழக் கற்றுக்கொடுக்க வேண்டும். கையை நீட்டித் தடுப்பது மனித இயல்பு, பழகினால்தான் மாறும்.

வேகத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். உயர்நிலை டவுன்ஹில்லில் உட்கார்ந்து இறங்குபவர்கள் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள். பிள்ளை அங்கே போகப் பல ஆண்டு ஆகும். போகாமல் ஸ்லாலத்திலேயே நிற்கவும் செய்யலாம். ஆனால் ஆல்பைன் வழி அந்தத் திசையில்தான் நீள்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில. செயலிழந்த கால்களின் எலும்பு அடர்த்தி குறைவு. விழுந்த பின் வலி இல்லை என்பதால் முறிவில்லை என்று ஆகாது. வீக்கம், சூடு, காலின் கோணம் மாறியிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். உணர்வற்ற பாதத்தின்மேல் வெப்பப் பொட்டலத்தை நேராக வைக்காதீர்கள், சுட்டுவிடும். காலுறைக்கு வெளியே, காலை மூடும் பையின் உட்புறத்தில் வையுங்கள். ஸ்பைனா பிஃபிடா என்ற பிறவித் தண்டுவடக் குறை உள்ள பிள்ளைகளில் பலருக்கு லாடெக்ஸ் ஒவ்வாமை உண்டு. பட்டை, நுரை, கையுறை எல்லாவற்றிலும் கேட்டுச் சரிபாருங்கள். தண்டுவடக் காயம் மார்புப் பகுதியின் ஆறாம் முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், நிரம்பிய சிறுநீர்ப்பையோ இறுகிய பட்டையோகூட இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை கண்டால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையைக் கவனிக்க வேண்டும். அடங்காவிட்டால் அவசர மருத்துவம். இதைப் பயிற்சியாளரும் லிஃப்ட் ஊழியரும்கூடத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

லிஃப்டும் இறக்க வளைவும்

ஆல்பைனில் குடும்பங்களை மிரட்டுவது சேர்லிஃப்ட். செயல்வரிசை மனப்பாடமானால் பயம் போய்விடும். வரிசையில் மோனோஸ்கியின் நெம்புகோலை விடுவித்து இருக்கையை உயர்த்துதல். ஊழியரிடம் மெதுவாக்கச் சொல்லுதல். லிஃப்டின் நாற்காலி வரும்போது அவுட்ரிகரை ஊன்றிப் பின்னால் தள்ளி ஏறுதல். காப்புப் பட்டையை மாட்டுதல். மேலே முன்சாய்ந்து இறங்கியதும், இருக்கை பழைய தாழ்ந்த நிலையில் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பூட்டாத இருக்கையோடு முதல் திருப்பம் போட்டால் விழுவது உறுதி. லிஃப்ட் பழுதாகி நின்றால் கயிற்றில் இறக்குவதற்கான பட்டையும் கொக்கியும் சிட்ஸ்கியில் இருக்கின்றனவா என்பதைப் பருவத்தின் முதல் நாளே கேளுங்கள்.

நார்டிக்கில் லிஃப்ட் இல்லை. அங்கே பயம் இறக்கத்தின் வளைவில். இரண்டு ஸ்கியும் சட்டத்தில் பிணைந்திருப்பதால் விளிம்பில் திருப்ப முடியாது, பிரேக்கும் கிடையாது. பதித்த தடக்கோடு இருக்கும்வரை அது வழிநடத்தும். கோடு முடியும் இடத்தில் உள்பக்கம் சாய்ந்து, உள்பக்கக் கோலைப் பனியில் இழுத்து, சின்னச் சின்னத் துள்ளலாக மூக்கைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் செய்யும் பிழை, வளைவுக்குள் வந்த பிறகு வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது. குறைக்க வேண்டியது வளைவுக்கு முன்னால், இரு கோலையும் பக்கவாட்டில் அழுத்தி. காலை உறைபனியில் நன்றாக ஓடிய அதே வளைவு, மதியம் இளகிய பனியில் ஸ்கியைப் பிடித்து நிறுத்திக் கவிழ்க்கும்; ஆகவே போட்டி நடக்கும் நேரத்திலேயே தடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பணம்

புதுப் பந்தய மோனோஸ்கி பல ஆயிரம் டாலர். பிரான்ஸின் டெசியே, ஆஸ்திரியாவின் பிராஷ்பெர்கர் போன்ற சில நிறுவனங்களே செய்கின்றன. உதிரிப்பாகம் வரவழைக்கவும் நாளாகும். அதற்கு மேல் ஸ்கிகள், அவுட்ரிகர், லிஃப்ட் கட்டணம், மேற்குப் பயணம். நார்டிக் சட்டம் அதில் ஒரு சிறு பங்குதான். உள்ளூரில் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த நல்ல தொழிலாளியே பழுதுபார்த்துவிடுவார்.

உதவிக் கருவிகளுக்கு ஒன்டாரியோ அரசு நடத்தும் திட்டம் நாற்காலிக்குப் பணம் தரும். விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கருவிக்குத் தராது. இதை அறியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பருவக் கட்டணத்துக்கு ஜம்ப்ஸ்டார்ட் போன்ற அறநிதிகளைக் கேட்கலாம். உயரமும் இடுப்பகலமும் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் வயதில் சொந்த மோனோஸ்கி வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒன்டாரியோவில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகவே இயங்கும் ட்ராக் 3 சங்கத்திலும், கனடா முழுவதும் கிளை பரப்பியுள்ள கனேடியன் அடாப்டிவ் ஸ்னோஸ்போர்ட்ஸ் கிளைகளிலும் கேட்டால் பயிற்சிக் கருவிக்கு வழி கிடைக்கும். முதல் கட்டத்தில் இரண்டு ஸ்கி பூட்டிய பைஸ்கியில், பயிற்சியாளர் பின்னால் கயிறு பிடித்து வர இறங்குவார்கள். அதிலிருந்து மோனோஸ்கிக்கு மாறும் பருவத்தில்தான் உண்மையான ஆசை எது என்று தெரியும்.

வகைப்பாடும் கணக்கும்

இரண்டு விளையாட்டிலும் உட்கார்ந்து ஓடுபவர்களை, குறைபாட்டின் அளவைப் பார்த்து, எல்டபிள்யூ (LW) என்ற குறியீட்டில் 10 முதல் 12 வரை வகுக்கிறார்கள். 10 என்றால் உடற்பகுதிப் பிடிப்பு மிகக் குறைவு. 12 என்றால் பிடிப்பு நன்றாக உண்டு, கால்களில்தான் குறை. இடையில் உட்பிரிவுகள் ஆல்பைனில் ஒரு மாதிரியும் நார்டிக்கில் வேறு மாதிரியும் பிரிகின்றன. ஆல்பைனில் வாங்கிய வகை நார்டிக்குக்குச் செல்லாது. அங்கே புதிதாகப் பார்ப்பார்கள்.

ஓடிய நேரத்தை அந்தந்த வகைக்குரிய விகிதத்தால் பெருக்கித்தான் இடம் முடிவாகும். பேச்சுக்கு ஒருவருக்கு 90 சதவீதம், இன்னொருவருக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். முன்னவர் 10 நிமிடத்தில் ஓடினால் கணக்கில் 9 நிமிடம். பின்னவர் 9 நிமிடம் 10 நொடியில் கோட்டைத் தாண்டியிருந்தாலும் பத்து நொடியில் தோற்றுவிட்டார். ஆல்பைனில் விகிதம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. பார்வையாளர் வரிசையில் நிற்கும் பெற்றோர் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டாடவோ கலங்கவோ அவசரப்பட வேண்டாம்.

வகைப்பாட்டுக்குப் போகும்போது நோயறி சான்று, அண்மைய ஸ்கேன் அறிக்கை, மருந்துப் பட்டியல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ‘மறுபடி பார்க்க வேண்டியது’ என்ற நிலைதான் கொடுப்பார்கள், அது குறையல்ல. மருந்துகளில் ஏதாவது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருந்தால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே எழுதுங்கள். முதல் சர்வதேசப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது நினைவுக்கு வந்தால் காலம் கடந்துவிட்டது.

பதக்க வாய்ப்புகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். 2026 மிலானோ கோர்டினா பாராலிம்பிக்கில் ஆல்பைனில் 30 போட்டிகள். நார்டிக்கின் இரு பிரிவுகளில், குறுக்குநிலப் பனிச்சறுக்கில் 20, ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில் 18. உட்கார்ந்து ஓடும் ஒருவரின் கண்ணோட்டத்தில் ஆல்பைனில் தனிநபர் போட்டி ஐந்து, நார்டிக்கில் இரண்டும் சேர்த்து ஆறு, அதற்கு மேல் தொடர் ஓட்டங்கள்.

பயத்லான் நார்டிக் வழியின் தனிச் சொத்து. ஓடி வந்து, விரிப்பில் சிட்ஸ்கியோடு சாய்ந்து படுத்து, 10 மீட்டர் தொலைவில் 13 மில்லிமீட்டர் இலக்குகள் ஐந்தைக் காற்றுத் துப்பாக்கியால் சுட வேண்டும். துப்பாக்கியை முதுகில் சுமக்க வேண்டாம்; சுடுமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். ஓட்டத்தில் சற்றுப் பின்தங்கும் பிள்ளை, மூச்சை அடக்கித் துல்லியமாகச் சுடத் தெரிந்தால் மேலே வந்துவிடலாம். நிதானமான பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டிப் பாருங்கள்.

பிந்தி வந்தவர்களும் மாறி வந்தவர்களும்

நார்டிக்கில் பிற விளையாட்டின் கைவலிமை அப்படியே கைகொடுக்கிறது. அமெரிக்காவின் ஒக்ஸானா மாஸ்டர்ஸ் 2012 லண்டனில் படகு வலிப்பில் வெண்கலம் வென்றார். 2014 சோச்சியில் நார்டிக்கில் வெள்ளியும் வெண்கலமும். சக்கர நாற்காலி ஓட்டத்தில் பெயர்பெற்ற டாட்யானா மெக்ஃபேடன் அதே சோச்சியில் குறுந்தூரத்தில் வெள்ளி வென்றார். ஒன்டாரியோவின் காலின் கேமரன் ஸ்லெட்ஜ் ஹாக்கியிலிருந்து, அதாவது சறுக்குவண்டியில் உட்கார்ந்து ஆடும் பனி ஹாக்கியிலிருந்து, மாறி வந்து 2018 பியோங்சாங்கில் வெண்கலம் வென்றார். அதாவது உங்கள் பிள்ளை ஏற்கெனவே பந்தய நாற்காலியோ ஸ்லெட்ஜ் ஹாக்கியோ ஆடுகிறார் என்றால் நார்டிக்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை.

ஆல்பைனில் அந்தக் குறுக்குவழி இல்லை. ஜப்பானின் மொமொகா முராஓகா 2022 பெய்ஜிங்கில் உட்கார்ந்த பிரிவில் மூன்று தங்கம் வென்றவர். டோக்கியோவில் 100 மீட்டர் நாற்காலி ஓட்டத்திலும் பங்கேற்றார். ஆனால் அதற்கு முன்பே, 2018 பியோங்சாங்கிலேயே, பனியில் தங்கம் வென்றிருந்தார். கனடாவின் ஜாஷ் டூக் 2014இல் தங்கம் வென்றதும், காயத்துக்கு முன்பே பனிச்சறுக்கிலேயே வாழ்ந்து பயிற்சி அளித்துவந்த அனுபவத்தின் மேல்தான். ஆகவே ஐயம் இருந்தால், பிள்ளைப் பருவத்தில் மோனோஸ்கியின் உணர்வை விட்டுவிடாமல் ஆண்டுக்குச் சில நாளாவது இறங்க வையுங்கள். பிற்காலத்தில்கூட நார்டிக்குக்கு வரலாம். ஆல்பைன் விளிம்புணர்வைப் பின்னால் கற்பது கடினம். நாங்கள் நார்டிக்கை முன்னிறுத்தினாலும், எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய மிகக் கனமான நியாயம் இதுதான்.

ஒரு காலோடு நிற்கக் கூடிய பிள்ளை

முழங்காலுக்கு மேல் ஒரு கால் இல்லாத பிள்ளைக்கு மூன்றாவது தேர்வும் உண்டு. ஆல்பைனில் ஒரே ஸ்கியும் இரண்டு அவுட்ரிகருமாக நின்று இறங்கும் மூன்று தட முறை. பனியில் மூன்று கோடு விழுவதால் அந்தப் பெயர். உட்கார்ந்தால் எல்டபிள்யூ 12, நின்றால் எல்டபிள்யூ 2. எதில் போட்டியிடுவது என்று தேர்ந்துகொள்ளலாம். நிற்பதன் பலம்: கருவி மலிவு, லிஃப்ட் எளிது. பலவீனம்: முழு எடையும் ஒரு முழங்காலில். வளரும் வயதில் அந்த முழங்காலின் முன்பக்க வலியை ‘வளர்ச்சி வலி’ என்று தள்ளிவிடாதீர்கள். நார்டிக்கிலோ செயற்கை முழங்காலோடு நின்று ஓடுவது மிகக் கடினம். பலர் உட்காருவதையே தேர்கிறார்கள். எங்கள் பரிந்துரை: ஆல்பைன் என்றால் நில்லுங்கள், நார்டிக் என்றால் உட்காருங்கள்.

முழங்காலுக்குக் கீழே இழந்தவர் செயற்கைக் காலோடு இரண்டு ஸ்கியில் நிற்கலாம். அங்கே சிக்கல் காலணியின் முன்சாய்வுக் கோணம். ஸ்கிக்கென்று தனிப் பாதம் பொருத்தாமல் நடைப்பாதத்தோடு போனால் உடல் பின்னால் தள்ளும்.

இரண்டையும் சோதிக்கும் ஒரு பருவம்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை உள்ள பருவத்தை இப்படிப் பிரிக்கலாம். ஜனவரி முடிய நார்டிக் எட்டு நாள், ஆல்பைன் நான்கு நாள், இரண்டும் கடன் கருவியில். பிப்ரவரியில் இரண்டிலும் உள்ளூர்ப் போட்டி ஒவ்வொன்று, வகைப்பாடு இல்லாமல், குறைபாடில்லாத பிள்ளைகளோடு கலந்து ஓடினாலும் பரவாயில்லை. நாட்குறிப்பில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: மறுநாள் காலைத் தோள் எப்படி இருந்தது, தோலில் சிவப்பு எவ்வளவு நேரம் நின்றது, வண்டியில் திரும்பும்போது பிள்ளை தானாக எதைப் பற்றிப் பேசியது. மார்ச்சில் அந்தக் குறிப்போடு நோர்டிக் கனடாவின் பாரா பிரிவையோ ஆல்பைன் கனடாவின் பாரா பிரிவையோ தொடர்புகொள்ளுங்கள். கனேடியப் பாராலிம்பிக் குழு நடத்தும் ‘பாராலிம்பியன் தேடல்’ முகாம் அருகில் நடந்தால் அதற்கும் பதிவுசெய்யுங்கள். அங்கே பல விளையாட்டின் பயிற்சியாளர்கள் ஒரே நாளில் பிள்ளையைப் பார்ப்பார்கள்.

முதல் நாள் பையில் இருக்க வேண்டியவை: மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, மாற்றுக் கையுறை, நுரைத்தகடும் கத்தியும், ஆலன் சாவித் தொகுதி, அளவுநாடா, சிறுநீர்ப் பொருட்கள், தோல் பார்க்கக் கைக்கண்ணாடி, அவசரத் தொடர்பும் மருந்தும் எழுதிய அட்டை. சக்கர நாற்காலியைத் தடத்தின் ஓரத்தில் திறந்தபடி விடாதீர்கள். மெத்தையைக் காருக்குள் வையுங்கள். உறைந்த மெத்தையில் ஈரத்துணியோடு உட்கார்ந்தால் தோல் கெடும்.